ரொட்டி சானாய்க்கு மாற்றும், அதே கல்லில் வேகும் தோசையும்

கேள்வி: வணக்கம். நான் பினாங்கு ஆயர் ஈத்தாமில் வசிக்கிறேன், வயது 41. நீண்ட நாள் தீராத இரத்தச்சோகைக்குப் பிறகு சிறுகுடலில் திசு எடுத்துச் சோதித்ததில், எனக்குச் சீலியாக் நோய் இருப்பது மூன்று மாதங்களுக்கு முன் உறுதியானது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு ரொட்டி சானாய் (வீசிச் சுடும் பரோட்டா) பசியாறுவது எங்கள் வீட்டு வழக்கம். குளூட்டன் இல்லாத மாவுப் பொட்டலம் ஒன்றை 28 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கி வீட்டில் ரொட்டி சுட்டேன், அப்பளம்போல் உடைந்துபோயிற்று. அந்த மாவில் கோதுமைக்கு ஈடான சத்து உண்டா? ரொட்டிக்குப் பதிலாகக் கடைத் தோசை சாப்பிடலாமா? நீரிழிவு உள்ள என் மாமியாரும் என்னைப் பார்த்துக் கோதுமையை நிறுத்திவிட்டார். அது அவருக்கு நல்லதா? 10 வயது மகனுக்கும் இப்போதே நிறுத்திவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். உங்கள் நான்கு கேள்விகளில் கடைசிக் கேள்விக்கு உரிய விடை, நீங்கள் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக இருக்கும் என்பதால், அதற்கு வரும்வரை மகனுடைய சாப்பாட்டில் எந்த மாற்றமும் செய்யாமல் இருக்குமாறு முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள ஒருவகைப் புரதத் தொகுதியைத்தான் குளூட்டன் என்கிறோம். சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு, இந்தப் புரதம் குடலுக்குள் சென்றதும் உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கத் தொடங்குகிறது. சத்துகளை உறிஞ்ச வேண்டிய நுண்விரல்கள் தேய்ந்து மழுங்கிவிடுவதால், எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் இரும்புச்சத்து உடலில் சேராமல் போகிறது. உங்கள் இரத்தச்சோகை மாத்திரைக்கும் அசையாமல் இருந்ததற்கு இதுவே காரணமாக இருந்திருக்கும். குளூட்டனை முழுமையாக, வாழ்நாள் முழுவதும் விலக்கினால் அந்த உட்சுவர் மெல்லத் தேறும்.

உங்கள் ரொட்டி உடைந்ததற்கு உங்கள் கைப்பக்குவம் காரணமில்லை. கோதுமை மாவில் நீர் சேர்த்துப் பிசையும்போது, அதில் உள்ள குளூட்டெனின் என்னும் புரதம் மாவுக்கு மீள்தன்மையையும், கிளையடின் என்னும் புரதம் நெகிழ்வையும் கொடுத்து, இரண்டும் சேர்ந்து ஒரு வலையைப் பின்னுகின்றன. மாமாக் (இந்திய முஸ்லிம்) கடையில் மாவு உருண்டைகளை எண்ணெய் தடவி மணிக்கணக்கில் ஊற வைப்பது, இறுகிய அந்த வலை தளர்வதற்காகத்தான். பிறகு மாவைக் காற்றில் வீசினால் அது கைக்குட்டை அளவிலிருந்து மேசைத்துணி அளவுக்குக் கிழியாமல் விரிகிறது. அரிசியிலோ மரவள்ளியிலோ சோளத்திலோ அந்த வலை இல்லை என்பதால், அவற்றின் மாவை எவ்வளவு நேரம் ஊற வைத்தாலும் வீச முடியாது. ஆகவே, வீசுகிற ரொட்டி என்ற எண்ணத்தைக் கைவிட்டுவிட்டுத் தட்டுகிற ரொட்டிக்கு வருமாறு சொல்வேன்.

தட்டுகிற ரொட்டிக்கு வேண்டிய நுட்பம் நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. இடியாப்பத்துக்கும் கொழுக்கட்டைக்கும் மாவில் கொதிக்கிற நீரை ஊற்றிக் கிளறுகிறோம் அல்லவா? அந்தச் சூட்டில் அரிசி மாவின் ஒரு பகுதி அரைவேக்காடாகிப் பசைபோல் பிடித்துக்கொள்வதால்தான் மாவு விண்டுபோகாமல் உருவம் எடுக்கிறது. அதோடு இசப்கோல் உமியையும் சேர்த்தால், நீரை உறிஞ்சி வழுவழுப்பாகும் அந்த உமி, குளூட்டன் செய்த வேலையில் பாதியைச் செய்துவிடுகிறது. என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்லும் அளவு இதுதான்: அரிசி மாவு 120 கிராம், வறுத்து அரைத்த உளுத்தம் மாவு 40 கிராம், கேழ்வரகு மாவு 40 கிராம், இசப்கோல் உமி இரண்டு தேக்கரண்டி, உப்பு. இவற்றைக் கலந்துகொண்டு, ஏறக்குறைய ஒன்றேகால் கோப்பை கொதிநீரை, மாவு இழுக்கிற அளவு பார்த்து ஊற்றிக் கரண்டியால் கிளற வேண்டும். கை பொறுக்கும் சூடு வந்ததும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரைமணி நேரம் மூடி வைக்க வேண்டும். ஆறு உருண்டைகளாக்கி, எண்ணெய் தடவிய இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவில் வைத்துத் தட்டி, நன்றாகக் காய்ந்த கல்லில் சுடலாம். கல் சூடு குறைவாக இருந்தால் ரொட்டி வறண்டு, நீங்கள் சொன்ன அப்பளமாகிவிடும். சுட்ட உடனே துணியில் சுற்றி வைப்பதும் அவசியம். ஆறிய பிறகு அரிசி மாவு விறைத்துக்கொள்ளும் குணம் உடையது.

இனி சத்து. நீங்கள் வாங்கிய பொட்டலத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பொருள்களின் பட்டியலில் முதல் இரண்டு இடங்களில் மரவள்ளி ஸ்டார்ச்சும் சோள ஸ்டார்ச்சும் இருந்தால், 100 கிராமுக்குப் புரதம் 2 அல்லது 3 கிராமைத் தாண்டாது. சாதாரணக் கோதுமை மாவிலோ ஏறக்குறைய 10 கிராம் இருக்கும். குளூட்டனே ஒரு புரதம்தானே, அதை எடுத்த இடத்தில் வெறும் மாவுச்சத்தை நிரப்பினால் கணக்கு இப்படித்தான் வரும். ‘குளூட்டன் இல்லை’ என்ற எழுத்து ஒரு பாதுகாப்புக் குறிப்பு. அது சத்துக்கான சான்றிதழ் என்று எண்ணி 28 வெள்ளி கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சற்று வருத்தமாகவே இருக்கிறது. மேலே சொன்ன வீட்டுக் கலவையில், அரிசியிலிருந்து 8 கிராமும் உளுந்திலிருந்து 9 கிராமும் கேழ்வரகிலிருந்து 3 கிராமுமாக 200 கிராம் மாவில் 20 கிராம் புரதம் சேர்வதால், கோதுமை மாவின் அளவை அப்படியே எட்டிவிடுகிறோம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் இருப்பது, எலும்புத் தேய்வுக்கு அஞ்ச வேண்டிய உங்களுக்குக் கூடுதல் லாபம். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சுட்ட ஒரு ரொட்டி 160 கலோரி அளவில் நிற்கும். கடை ரொட்டி சானாய் ஒன்று அளவில் பெரியது, அதில் நெய்யும் மார்ஜரினும் சேர்வதால் 300 கலோரியைத் தொடும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, என் உண்மையான கருத்தையும் சொல்லிவிடுகிறேன்: ரொட்டி ஆசைக்கு மாதம் இரண்டு முறை இதைச் செய்துகொள்ளுங்கள், அன்றாடப் பசியாறலுக்குத் தோசைக்கும் இட்டிலிக்கும் வந்துவிடுங்கள். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று எடைபோட்டு ஊற வைத்தால், அந்தக் கலவையில் 100 கிராமுக்கு 11 கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கிறது. அதாவது ரொட்டி சானாய்க்குப் போடும் மாவை விடச் சற்றுக் கூடுதல். தரத்திலும் அது மேல். கோதுமைக்கும் அரிசிக்கும் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு, உளுந்தில் அது நிறைய. உளுந்துக்குக் குறைவான மெதியோனின் அரிசியில் கிடைக்கிறது. இரவு முழுதும் மாவு புளிக்கும்போது, இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்திருக்கும் பைட்டேட் குறைவதால், அந்தத் தாதுக்களும் எளிதாக உடலில் சேர்கின்றன. குடல் இன்னும் தேறிக்கொண்டிருக்கிற உங்களுக்கு இது சிறிய உதவி இல்லை.

அரிசியைப் பொறுத்தவரை, பச்சரிசியை விடப் புழுங்கல் அரிசியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். இதில் நம் நாட்டுக்கே உரிய ஒரு வரலாறு உண்டு. 1905-இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர், அங்கிருந்தவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தபோது, பச்சரிசிப் பிரிவில் பெரிபெரி நோய் பரவிப் பலர் இறக்கவும் நேர்ந்தது; புழுங்கல் பிரிவிலோ அந்நோய் புதிதாகத் தலைகாட்டவில்லை எனலாம். அதே காலத்தில் மலாயாவில் பணியாற்றிய லெனார்ட் பிராடன் என்ற மருத்துவரும், புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களிடையே அந்நோய் அரிதாக இருப்பதைக் கவனித்து எழுதினார். நெல்லை அவிக்கும்போது, தவிட்டில் உள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்ற காரணம் பின்னர்தான் தெரியவந்தது. கோதுமையை விட்டவர்களுக்குக் குறையக்கூடிய சத்துகளில் பி வைட்டமின்களும் அடங்கும் என்பதால், நம் தோட்டத்து முன்னோர் சாப்பிட்ட அதே அரிசி உங்களுக்கும் பொருந்துகிறது.

ஆனால் கடைத் தோசை வேண்டாம். சில வாரங்களுக்கு முன், ஒரு மாமாக் கடையில் தேநீருக்குக் காத்திருந்த நேரத்தில் ரொட்டி சுடும் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். கல்லின் இடப்பக்கத்தில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. அதை எடுத்ததும் கரிந்த மாவுத் துணுக்குகளைச் சுரண்டியால் ஓரம் தள்ளிவிட்டு, துடைத்த இடத்திலேயே ஒரு கரண்டி தோசை மாவை ஊற்றி, அதே சுரண்டியால் தோசையைத் திருப்பினார்கள். அவர்கள் கணக்கில் அது சுத்தமான வேலைதான். உங்கள் கணக்கு வேறு: கால் தேக்கரண்டிக் கோதுமை மாவில் ஏறக்குறைய 50 மில்லிகிராம் குளூட்டன் இருக்கிறது, நாள்தோறும் அந்த அளவு உள்ளே போய்க்கொண்டிருந்தாலே குடல் தேறாது. குளூட்டன் இல்லை என்று சொல்லிக்கொள்ளும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று பன்னாட்டு உணவுத் தரநெறி வகுத்திருப்பதிலிருந்தே, கல்லில் ஒட்டிய துணுக்கு எவ்வளவு பெரியது என்பதை நீங்கள் ஊகிக்கலாம். மொறுமொறுப்புக்காகத் தோசை மாவிலேயே ஒரு கை கோதுமை மாவைக் கலக்கும் கடைகளும் உண்டு. ரவா தோசையில் சேரும் ரவையே கோதுமைதான். வீட்டிலும் உங்களுக்கென்று தனித் தோசைக்கல்லும் தனிக் கரண்டியும் வைத்துக்கொள்ளுங்கள். மர உருட்டுக்கட்டையையும் பழைய சல்லடையையும் எவ்வளவு கழுவினாலும் மாவு முழுதாகப் போகாது என்பதால், அவற்றை மற்றவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

நம் சமையலறையில் பெரும்பாலானவர்கள் சந்தேகிக்காத பொருள் ஒன்று இருக்கிறது. குளூட்டனை ஒழுங்காக விலக்கியதாகச் சொன்ன ஒரு பெண்மணிக்கு, எட்டு மாதங்கள் கழித்தும் இரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருளின் அளவு இறங்கவில்லை. அடுத்த முறை வரும்போது, அடுப்பு மேடையில் உள்ள புட்டிகளையும் டப்பாக்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்துக்கொண்டே வந்தோம். கடைசியில் விரல் நீளப் பெருங்காய டப்பா ஒன்றின் அடிப்பக்கத்தில், பொடி எழுத்தில், பொருள்களின் வரிசையில் கோதுமை மாவு இருந்தது. பெருங்காயம் தூய நிலையில் கடுமையான பிசின் என்பதால், தூளாக விற்கும்போது மாவு சேர்த்தே விற்கிறார்கள். பெரும்பாலும் அது கோதுமை மாவாக இருக்கிறது. சாம்பார், ரசம், வடை, ஊறுகாய் என்று அவர் ஒரு நாளும் விடாமல் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அரிசி மாவு சேர்த்த பெருங்காயத் தூளும் கிடைக்கிறது. கேட்டு வாங்குங்கள், கிடைக்காத மாதத்தில் பூண்டை நசுக்கிப் போட்டுச் சமாளியுங்கள்.

மற்ற பசியாறல் வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புட்டு மாயம் (இடியாப்பம்), அரிசிப் புட்டு, ஆப்பம் ஆகியவை இயல்பாகவே குளூட்டன் இல்லாதவை. வெளியில் வாங்கினால் மாவில் கலப்பு உண்டா என்று கேட்க வேண்டும். உப்புமாவில் போடும் ரவையும் சேமியாவும் கோதுமை என்பதை மறந்துவிடாதீர்கள். அரிசியை நொய்யாக உடைத்துச் செய்யலாம். ஓட்ஸ் இப்போதைக்கு வேண்டாம். கோதுமை கலவாத தனி ஓட்ஸைக்கூட, உங்கள் அளவுகள் சீரான பிறகு மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். பானங்களில் மைலோவிலும் ஹார்லிக்சிலும் பார்லி மால்ட் சேர்ந்திருக்கிறது. உடல் சூட்டுக்கு நல்லது என்று குடிக்கும் பார்லித் தண்ணீரும் உங்களுக்கு ஆகாது. தே தாரிக்கில் (ஆற்றிய பால் தேநீர்) குளூட்டன் இல்லை. ஆனால் தேயிலை இரும்புச்சத்தைச் சேரவிடாமல் தடுப்பதால், பசியாறி ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். பசியாறலோடு ஒரு துண்டு கொய்யாப்பழம் சேர்த்துக்கொள்வது அந்த இரும்புக்குக் கைகொடுக்கும்.

வாங்கும் இடத்திலும் கவனம் வேண்டும். லிட்டல் இந்தியா மளிகைக் கடைகளில் சாக்கிலிருந்து அள்ளித் தரும் கேழ்வரகு மாவை விட, முழுக் கேழ்வரகை வாங்கிக் கழுவி உலர்த்தி வீட்டில் அரைத்துக்கொள்வது நல்லது. மாவு மில்லில் உங்களுக்கு முன்னால் அரைத்தது யாருடைய கோதுமை என்று நமக்குத் தெரியாது. பொட்டலங்களில் மலாய் மொழியில் ‘தெப்போங் காண்டும்’ (கோதுமை மாவு) என்றோ ‘பார்லி’ என்றோ ‘மால்ட்’ என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். குளூட்டன் உள்ள தானியங்களைச் சேர்த்திருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது 1985-ஆம் ஆண்டின் மலேசிய உணவு விதிமுறைகளிலேயே உள்ளது. சோயா சாஸ் புட்டியையும் அதே கண்ணோடு படியுங்கள்.

உங்கள் மாமியார் கோதுமையை நிறுத்தியதில் அவருக்குப் பயன் இல்லை; அதற்குப் பதிலாக எதைச் சாப்பிடுகிறார் என்பதைப் பொறுத்துக் கேடும் வரலாம். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய் ஆய்வு மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் கூடுதல். ஆகவே அவருடைய அக்கறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் சர்க்கரையை ஏற்றுவது குளூட்டன் அன்று, மாவுச்சத்து. ஆட்டா சப்பாத்தியை விட்டுவிட்டு அரிசி மாவு ரொட்டியையோ மரவள்ளி மாவு ரொட்டியையோ சாப்பிட்டால், நார்ச்சத்து குறைந்து, சர்க்கரை இன்னும் வேகமாகத்தான் ஏறும். அவர் ஆட்டா சப்பாத்திக்கே திரும்பலாம். உங்களோடு சேர்ந்து சாப்பிட விரும்பினால், இரண்டு தோசையோடு நிறுத்தி, ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் கெட்டியான சாம்பாரோ சேர்த்து, தே தாரிக்கில் கெட்டிப்பாலைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வயதில் மூத்தவரிடம் மருமகள் இதைச் சொல்வது எளிதில்லை என்பது எனக்குத் தெரியும். இந்தப் பகுதியை மட்டும் அவரிடம் படிக்கக் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, இரும்பின் சேமிப்பு அளவு, போலேட், பி12, வைட்டமின் டி ஆகியவற்றைச் சோதிக்கக் கேளுங்கள். எலும்பின் அடர்த்தி பார்ப்பது பற்றியும் அவரிடமே பேசுங்கள்.

இனி மகன். பெற்றோரில் ஒருவருக்குச் சீலியாக் நோய் இருந்தால், பிள்ளைக்கும் வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று என்பதால், அவனைச் சோதிப்பது மிகவும் சரி. ஆனால் டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் அந்த எதிர்ப்பொருள் சோதனை, குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் உடலில்தான் உண்மையைச் சொல்லும். முன்கூட்டியே நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் இறங்கி, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். பிறகு சோதனைக்காகவே வாரக்கணக்கில் கோதுமையைக் கொடுத்துக் காத்திருக்க நேரிடும். ஆகவே பள்ளி விடுமுறைக்குள் குழந்தை மருத்துவரிடம் நாள் வாங்கிவிடுங்கள். இரத்தம் எடுக்கும் நாள் வரை அவன் வழக்கம்போல் தன் அப்பாவோடு போய் ரொட்டி சானாய் சாப்பிட்டு வரட்டும். கடையிலேயே சாப்பிட்டு, வீட்டுக்கு வந்ததும் கையைக் கழுவிவிட வேண்டும், உங்கள் சமையலறைக்குப் பொட்டலமாக மட்டும் கொண்டுவர வேண்டாம்.